மகன் நடிகனாக வேண்டும் என்கிறான்: பெற்றோர் என்ன செய்யலாம்?

கடந்த பாடசாலை விடுமுறையில் ஒரு தந்தை தனது 15 வயது மகனை அழைத்துக்கொண்டு எனது வீட்டுக்கு வந்தார். பத்தாம் தரத்தில் படிக்கும் பிள்ளை. வந்து அமர்ந்ததும், "சேர், இவன் நடிகனாகப் போறானாம். நீங்களாவது புத்தி சொல்லுங்க" என்றார்.

விசாரித்தபோதுதான் முழு விடயமும் தெரிய வந்தது. முகநூலில் 'புதுமுகங்கள் தேவை' என்ற விளம்பரத்தைக் கண்ட மகன், அதிலிருந்த இலக்கத்துக்கு வட்ஸ்அப்பில் தனது படங்களை அனுப்பியிருக்கிறான். பதிவுக் கட்டணம் என்று 12,000 ரூபா கேட்டிருக்கிறார்கள். உம்மா சீட்டுக்காகச் சேர்த்து வைத்திருந்த காசை எடுத்து அனுப்பிவிட்டான். அதன் பிறகு அந்த இலக்கம் இயங்கவில்லை.

நான் மகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "இதுவரைக்கும் எதில நடிச்சிருக்கீங்க?" அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒண்டிலயும் இல்ல சேர். வாப்பா விட மாட்டார் எண்டு கேட்கவே இல்ல."

அந்தப் பதிலில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது. ஆசை இருக்கிறது, அனுபவம் இல்லை, வீட்டில் பேசவும் முடியவில்லை. ஏமாற்றுக்காரர்கள் தேடுவது இப்படிப்பட்ட பிள்ளையைத்தான்.

வீட்டில் முதலில் பேசுங்கள்

நடிப்பு குறித்து எமது சமூகத்தில் ஒரே கருத்து இல்லை. எது ஆகும், எது ஆகாது என்பதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தாம் நம்பும் ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிவது பெற்றோரின் உரிமை. ஆனால் அந்த எல்லையைப் பிள்ளையை உட்கார வைத்துப் பேசித் தீர்மானிக்க வேண்டும். எந்த மாதிரியான பாத்திரம், எந்த மாதிரியான உடை, யாருடன் போவது, எத்தனை மணிக்கு வீடு திரும்புவது என்பதெல்லாம் வெளிப்படையாகப் பேசப்பட வேண்டும். பெண்பிள்ளை என்றால் இந்தப் பேச்சு இன்னும் அவசியம். "கூடாது" என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சை முடித்தால், ஆசை கைத்தொலைபேசிக்குள் ஒளிந்துகொள்ளும்.

இத்துறை எமக்குப் புதிதும் அல்ல. கொழும்புத் தமிழ் மேடையில் சுஹைர் ஹமீட், மானா மக்கீன் போன்றோர் நாடகங்கள் படைத்தார்கள். பி.எச். அப்துல் ஹமீத் அறிவிப்பாளராக மட்டுமன்றி வானொலி நாடகக் கலைஞராகவும் பெயர் பெற்றவர். வானொலி நாடகமொன்று 1976 இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமானபோது அதிலும் நடித்தார். இவர்கள் ஒரே நாளில் வெளிச்சத்துக்கு வந்தவர்கள் அல்லர்.

பாடசாலைதான் முதல் மேடை

செலவில்லாத, பாதுகாப்பான அனுபவம் பாடசாலையிலேயே கிடைக்கிறது. தமிழ் மொழித்தினப் போட்டிகளில் வாசிப்பு, பாவோதல், பேச்சு, நாடகம் எனப் பல பிரிவுகள் உள்ளன. பாடசாலை மட்டத்தில் தொடங்கி வலயம், மாகாணம் கடந்து அகில இலங்கை மட்டம் வரை போகலாம். வலயத்தோடு நின்றுவிட்டாலும் நட்டமில்லை. அறிமுகமில்லாத நடுவர்கள் முன் நின்று, வசனம் மறந்து, சமாளித்து, முடித்துவிட்டு இறங்கும் அனுபவத்தை எந்தப் பணம் கொடுத்த வகுப்பிலும் வாங்க முடியாது.

'நாடகமும் அரங்கியலும்' க.பொ.த. சாதாரண தரத்துக்கும் உயர் தரத்துக்கும் உள்ள பாடம். உங்கள் பாடசாலையில் அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். உயர் தரத்துக்குப் பின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் அதைப் பட்டப்படிப்பாகத் தமிழிலேயே தொடரலாம். அப்படிப் படித்தவர் நடிகராகாவிட்டாலும் ஆசிரியராகவோ, ஊடகத்துறையிலோ பிழைத்துக்கொள்வார்.

எம்மிடம் ஏற்கெனவே உள்ள பயிற்சி

நடிப்புக்கு முகத்தைவிட மூச்சும் உச்சரிப்பும் முக்கியம். எமது பிள்ளைகளில் பலர் மீலாத் போட்டிகளுக்காகக் கிராஅத், கஸீதா, பேச்சு என்று சிறு வயதிலிருந்தே பழகியவர்கள். கிராஅத் வணக்கம், அதை நடிப்போடு ஒப்பிடவில்லை. ஆனால் எங்கே நிறுத்துவது, ஓர் எழுத்தை எங்கிருந்து எழுப்புவது, மூச்சை எவ்வளவு தூரம் கொண்டுபோவது என்று பழகிய பிள்ளையின் நாக்கு வசனத்திலும் தெளிவாகவே இருக்கும். கிழக்கில் இன்னும் ஆடப்படும் களிகம்பு, பொல்லடி போன்றவற்றில் சேர்ந்தால் உடலுக்குத் தாளமும், குழுவோடு ஒத்து அசையும் பழக்கமும் வரும்.

வீட்டில் நாளாந்தம் 15 நிமிடம் போதும். ஒரு சிறுகதையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கதையில் வரும் வாப்பாவுக்கு ஒரு குரல், கடைக்காரருக்கு ஒரு குரல், சிறு பிள்ளைக்கு ஒரு குரல். கைத்தொலைபேசியில் பதிவு செய்து அவனே கேட்கட்டும். ஒரு மாதத்துக்குப் பின் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டால் வித்தியாசம் அவனுக்கே விளங்கும். அதை யூடியூபில் போட வேண்டிய அவசியம் இல்லை. பிழை விட்டுப் பழகும் காலத்தில் ஊரே பார்க்க வேண்டியதில்லை.

வானொலியும் நல்ல வாசல். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் சேவையும் தமிழ்ச் சேவையும் நாடகங்களால் எத்தனையோ குரல்களை வளர்த்தவை. முகம் காட்ட விரும்பாத பிள்ளைகளுக்கும், தயங்கும் பெற்றோருக்கும் குரல் நடிப்பு நல்ல இடைவழி.

மேடைக்குப் பின்னாலும் வேலை உண்டு

பாத்திரம் கிடைக்காவிட்டால் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் திரைச்சீலை இழுக்கவும், ஒளி பார்க்கவும், மற்றவர் வசனம் மறந்தால் எடுத்துக் கொடுக்கவும் சொல்வேன். வசனம் எடுத்துக் கொடுப்பவனுக்கு முழு நாடகமும் மனப்பாடமாகிவிடும். யாருக்காவது சுகமில்லாமல் போனால் அடுத்து மேடை ஏறுபவனும் அவன்தான்.

சிங்களத்தையும் விட்டுவிடக் கூடாது. இந்நாட்டில் தொலைக்காட்சி நாடகமும் சினிமாவும் பெரும்பாலும் சிங்களத்திலேயே தயாராகின்றன. பிழையின்றிச் சிங்களம் பேசும் தமிழ்மொழிப் பிள்ளைக்குக் கதவு இரண்டு. சினிமாவுக்குப் போகாவிட்டாலும் அந்த மொழி வீணாகாது.

காசு கேட்டால் நின்று யோசியுங்கள்

சில விதிகளை வீட்டில் எழுதி ஒட்டி வைக்கலாம். நடிக்க வருபவருக்குத்தான் கொடுப்பனவு வழங்கப்பட வேண்டும். வாய்ப்புத் தருவதற்காக முன்பணம் கேட்பவர் சந்தேகத்துக்குரியவர். பயிற்சி வகுப்புக்குக் கட்டணம் கேட்பது வேறு. அங்கும் யார் படிப்பிக்கிறார், அவர் முன்பு என்ன செய்திருக்கிறார் என்று விசாரித்த பின்னரே கட்ட வேண்டும். தெரிவுக்கு அழைத்தால் பெற்றோரில் ஒருவர் கூடவே போக வேண்டும். "உம்மா வாப்பா வரத் தேவையில்லை" என்று சொல்லும் இடத்துக்குப் பிள்ளையும் போகத் தேவையில்லை. தனிப்பட்ட படங்கள், அடையாள அட்டைப் பிரதி எதையும் முன்பின் தெரியாதவருக்கு அனுப்பக் கூடாது.

இலங்கையில் வேலைக்கமர்த்துவதற்கான ஆகக்குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. பாடசாலையை விட்டுவிட்டு வா என்று 15 வயதுப் பிள்ளையை அழைப்பவரிடம் இதைச் சொல்லுங்கள். பிள்ளையை யாராவது மிரட்டினாலோ, தவறாக நடந்தாலோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். மானம் போய்விடும் என்று மறைத்தால், அதே ஆள் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் போவான்.

உண்மையையும் சொல்லுங்கள்

நடிப்பை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவோர் இந்நாட்டில், குறிப்பாகத் தமிழில், மிகக் குறைவு. பெரும்பாலானோருக்கு வேறொரு தொழிலும் இருக்கிறது. இதைப் பிள்ளையிடம் மறைக்கவும் வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். சாதாரண தரப் பரீட்சையை நன்றாக எழுதுவது நடிப்புக்கு எதிரானதல்ல என்று விளங்கினால் போதும்.

அந்தத் தந்தையிடம் நான் கேட்டது ஒரு வருட அவகாசம் மட்டுமே. பாடசாலை நாடகக் குழுவில் மகனைச் சேருங்கள். பரீட்சைப் புள்ளி குறையக் கூடாது. வெளி வாய்ப்பு எது வந்தாலும் முதலில் வீட்டில் சொல்ல வேண்டும் என்றேன். இருவரும் ஒத்துக்கொண்டார்கள். உம்மாவின் 12,000 ரூபாவை மாதம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுப்பதாக மகன் தானாகவே சொன்னான்.

வலய மட்டப் போட்டியில் அவர்களது குழு இரண்டாம் இடம். மகனுக்கு ஒரு கிழவரின் பாத்திரம், மொத்தமே ஆறு வசனம். மண்டபத்தின் கடைசி வரிசையில் வாப்பா நின்றுகொண்டிருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, "சேர், அந்த நடை எங்கட மூத்தவாப்பாட நடை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.