வருஷா வருஷம் ஏறும் கண்ணாடி 'பவர்'... குழந்தைகளின் கிட்டப்பார்வை வேகத்தைக் குறைக்குமா புது லென்ஸ்?

போன வருஷம் மைனஸ் 1, இந்த வருஷம் மைனஸ் 2. பள்ளி திறக்கும்போதெல்லாம் பிள்ளைக்குக் கண்ணாடி மாற்றும் பெற்றோருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். "பவர் ஏறுற வேகத்தைக் குறைக்கிற லென்ஸ் வந்திருக்கு, போடலாமா?" என்று இப்போது கண்ணாடிக் கடைகளிலேயே கேட்கிறார்கள். விலையோ சாதாரண லென்ஸைவிடப் பல மடங்கு. உண்மையில் பலன் இருக்கா?

பவர் ஏன் ஏறுகிறது?

கிட்டப்பார்வை உள்ள குழந்தையின் விழிக்கோளம் முன்பின்னாக அளவுக்கு மீறி நீள்கிறது. தூரத்துப் பிம்பம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்பே குவிகிறது. கரும்பலகை மங்கலாகத் தெரிவது இதனால்தான். பெரியவர்களின் கண் நீளம் சுமார் 24 மி.மீ. அதில் 1 மி.மீ. கூடினாலே பவர் ஏறத்தாழ 2.5 முதல் 3 வரை ஏறிவிடும்.

மைனஸ் 6-ஐத் தாண்டினால் பிற்காலத்தில் விழித்திரை விலகல், கண் நீர் அழுத்த நோய் போன்றவற்றுக்கான ஆபத்து கூடுகிறது. லேசர் சிகிச்சை கண்ணாடியைக் கழற்ற உதவும்; நீண்டுவிட்ட கண்ணைச் சுருக்காது. அதனால்தான் வளரும் வயதிலேயே வேகத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள்.

புது லென்ஸில் என்ன இருக்கு?

சாதாரண லென்ஸ் நடுப்பார்வையைச் சரிசெய்துவிடும். ஆனால் ஓரங்களில் விழும் பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் போய்விடலாம். அதை எட்டிப் பிடிக்கக் கண் மேலும் நீள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இதற்காக ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகமும் ஜப்பானின் ஹோயா நிறுவனமும் ஒரு லென்ஸை உருவாக்கின. நடுவில் 9 மி.மீ. வட்டம் வழக்கமான லென்ஸ். அதைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள சுமார் 400 குட்டி லென்ஸ்கள். இவை ஒளியின் ஒரு பகுதியை விழித்திரைக்கு முன்னால் குவிப்பதால், 'இதுக்கு மேல நீளாதே' என்பதுபோன்ற சிக்னல் கண்ணுக்குக் கிடைக்கிறது.

ஆய்வு சொல்வது என்ன?

ஹாங்காங்கில் 8 முதல் 13 வயதுள்ள 160 குழந்தைகள் 2 ஆண்டு ஆய்வை முடித்தனர். சாதாரண லென்ஸ் போட்டவர்களுக்குச் சராசரியாக 0.85 பவர் ஏறியது. புது லென்ஸ் போட்டவர்களுக்கு 0.41 மட்டுமே. அதாவது சுமார் பாதி. கண் நீள்வது 62% குறைந்தது.

இதேபோல் குட்டி லென்ஸ்கள் கொண்ட எசிலார் நிறுவனத்தின் 'ஸ்டெல்லெஸ்ட்' லென்ஸுக்கு 2025 செப்டம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. இரண்டும் இந்தியாவிலும் கிடைக்கின்றன.

எதை எதிர்பார்க்கக் கூடாது?

ஏற்கெனவே உள்ள பவர் குறையாது. பவர் ஏறுவது அடியோடு நிற்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஹாங்காங் ஆய்விலேயே புது லென்ஸ் போட்டவர்களில் சுமார் 5-ல் ஒருவருக்குத்தான் 2 ஆண்டில் பவர் ஏறவே இல்லை. பள்ளிக்கு மட்டும் போட்டுவிட்டு வீட்டில் கழற்றி வைத்தால் பலன் குறையும். நாள் முழுக்கப் போட வேண்டும். ஃபிரேம் மூக்கில் வழுக்கினால் கண்மணி லென்ஸின் நடுவட்டத்தில் இருக்காது. எனவே சரியான ஃபிரேம் ரொம்ப முக்கியம்.

லென்ஸ் வாங்க வசதி இல்லையா?

கவலை வேண்டாம். தினமும் 2 மணி நேரம் வெயில் வெளிச்சத்தில் விளையாடுவது கிட்டப்பார்வை வருவதையே தள்ளிப்போட உதவும். தைவான் பள்ளிகளில் 2010 முதல் தினமும் 120 நிமிட வெளிநேரத்தை ஊக்குவிக்கிறார்கள். பவர் வேகமாக ஏறினால் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தும் ஒரு வழி. ஆனால் மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே.

"பவரைக் கம்மியா போட்டா கண்ணு பழகிடும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். அப்படிக் குறைத்துப் போட்ட குழந்தைகளுக்குப் பவர் இன்னும் வேகமாக ஏறியதாக மலேசியாவில் நடந்த ஆய்வு 2002-லேயே காட்டியது.

புது லென்ஸுக்குப் பணம் கட்டும் முன், சொட்டு மருந்து போட்டுக் கண் பரிசோதனை செய்து, கண்ணின் நீளத்தையும் அளந்து வையுங்கள். அடுத்த முறை அளக்கும்போது, லென்ஸ் உங்கள் பிள்ளைக்கு வேலை செய்கிறதா என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.