ஹூ புரதமும் தடுப்புப் பெப்தைட்டும்

உடையார்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்வோர்க்குப் பாம்புக்கடி புதுமையன்று. வைத்தியசாலையில் அவர்க்கு ஏற்றப்படும் விடமுறி மருந்து, குதிரைக் குருதியினின்று பிரித்தெடுத்த பிறபொருளெதிரிகளே. இலங்கையில் நெடுங்காலம் வழங்கிவரும் இந்திய மருந்து நாகம் முதலிய நால்வகைப் பாம்புகளின் விடத்தைக்கொண்டு ஆக்கப்பட்டது. ஆதலின், மூக்குநுனி மேல்நோக்கி வளைந்த குழிவிரியன் தீண்டியவர்க்கு அது பயன்படுவதில்லை. எதனை எதிர்த்துப் பிறந்ததோ அதனையே பிறபொருளெதிரி பற்றும் என்பது பொதுவிதி. ஆயின், நெருங்கிய உறவுடைய புரதங்கள் பல ஒரு கலத்தில் இருக்குமிடத்து இவ்விதி எளிதிற் பிறழும்.

ஹூ புரதங்களின் வரலாறு இதற்குத் தக்க சான்று. நுரையீரற் புற்றுநோயாளர் சிலரது குருதியில், அவர்தம் நரம்புக் கலங்களையே பற்றும் பிறபொருளெதிரி உண்டென்று 1985 இல் நியூயோர்க் மருத்துவர் அறிவித்தனர். முதல் நோயாளியின் குலப்பெயரின் முதலிரண்டு ஆங்கில எழுத்துக்களே 'ஹூ' என்னும் பெயராயின. 1991 இல் ஹூ-டீ என்னும் புரதத்தின் பரம்பரையலகு கண்டறியப்பட்டது. அஃது ஆர்.என்.ஏ.யைப் பற்றும் புரதம். பழ ஈயின் நரம்பு வளர்ச்சிக்கு வேண்டிய புரதமொன்றிற்கு உறவுடையது. ஹூ-ஆர் என்னும் உடன்பிறப்பு 1996 இல் வெளிப்பட்டது. ஏனையவை பெரும்பாலும் நரம்பிலே தங்க, இஃது உடலெங்கும் காணப்படும். பரம்பரையலகின் கட்டளையைத் தாங்கிச்செல்லும் தூது ஆர்.என்.ஏ. விரைவில் அழியாதவாறு காப்பது இதன் தொழில். புற்றுக் கலங்கள் பலவற்றில் இது கருவைவிட்டு வெளியே மிகுந்து நிற்கும். எனவே, இதனை அளந்தறிவதில் நேரும் பிழை புற்றாய்வின் முடிவையே திரித்துவிடும்.

அளப்பதற்குரிய பிறபொருளெதிரியை ஆக்குவோர், புரதத்தின் ஒரு துண்டாகிய, பத்து முதல் இருபது வரையான அமினோவமிலங்கள் கோத்த பெப்தைட்டைத் தொகுத்து, பெரியதொரு புரதத்தோடு பிணைத்து முயலுக்கு ஏற்றுவர். முயலின் குருதியில் உண்டாகும் எதிரி, கலச்சாற்றிலுள்ள புரதத்தைப் பற்றி, மென்றகட்டிலே ஒரு கோடாகக் காட்டும். அக்கோடு மெய்யோ பொய்யோ எனத் தேர்தற்கு, அதே பெப்தைட்டை மிகுதியாக முன்னரே எதிரியுடன் கலப்பதுண்டு. எதிரியின் பற்றுமிடங்கள் நிரம்பிவிடும், கோடு மறையும். இதுவே தடுப்புப் பெப்தைட்டு. பூட்டினுள் ஒரு திறப்பு முன்னரே புகுந்திருப்பின் வேறு திறப்பு நுழையாதன்றோ?

ஈண்டே பலர் வழுக்குகின்றனர். கோடு மறைந்தவுடன் 'எதிரி தூயது' என முடிவு கட்டுதல் பொருந்தாது. ஹூ-ஆரை எதிர்த்து ஆக்கிய எதிரி, ஒத்த துண்டுடைய ஹூ-டீயையும் அதே பற்றுமிடத்தாலேயே பற்றுமாயின், பெப்தைட்டு இரு கோடுகளையும் ஒருங்கே மறைக்கும். தவறான கோடும் மெய்க்கோடு போலவே மறைந்துபோம். மறையாது எஞ்சும் கோடு பெரும்பாலும் பொய் என்பது தெளிவு. மறைந்தது மெய் என்பதற்கோ அது சான்றாகாது. மருந்துக் கடையினர் எதிரியோடு பெப்தைட்டையும் விற்பதனால் இவ்வேறுபாடு மறக்கப்படுகின்றது போலும்!

2016 இல் பன்னாட்டு அறிஞர் குழுவொன்று பிறபொருளெதிரிகளைத் தேர ஐந்து வழிகளை முன்வைத்தது. அவற்றுள் தடுப்புப் பெப்தைட்டு இடம்பெறவில்லை. உரிய பரம்பரையலகை நீக்கிய அல்லது அடக்கிய கலத்திலே கோடு இல்லாதொழிகின்றதா எனப் பார்ப்பது அவற்றுள் ஒன்று. புரதமே இல்லாத கலத்திலும் கோடு தோன்றுமாயின், அவ்வெதிரி வேறெதனையோ பற்றுகின்றது.