முக்கோண வடிவில் ஒரு டீசல் எஞ்சின்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையின் விரைவுப் படகுகள் பெரும்பாலும் பெட்ரோலில் ஓடின. எதிரியின் குண்டு பட்டால் படகே தீப்பிடிக்கும். டீசல் அவ்வளவு எளிதில் பற்றாது. ஆனால் அன்றைய டீசல் எஞ்சின்களில் அந்த வேகத்துக்கு வேண்டிய சக்தியைப் பெற்றால், எடை படகுக்குத் தாங்காது. சக்தி மிகுந்த, எடை குறைந்த டீசல் எஞ்சின் வேண்டும் என்று கடற்படை கேட்டது. நேப்பியர் நிறுவனம் ‘டெல்டிக்’கை உருவாக்கியது. முதல் எஞ்சின் 1950-இல் ஓடியது.

வழக்கமான எஞ்சினில் சிலிண்டருக்கு ஒரு பிஸ்டன்; மேலே வால்வுகள் பொருத்திய மூடி. டெல்டிக்கில் ஒரு சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக நிற்கும். நடுவே டீசல் எரிந்ததும் இரண்டும் விலகி ஓடும். அந்த ஓட்டத்திலேயே சிலிண்டர் சுவரிலுள்ள துளைகள் திறந்து, ஒரு முனையில் புகை வெளியேறும். மறுமுனையில் புதுக்காற்று நுழையும். மூடியும் இல்லை, வால்வும் இல்லை.

எதிரெதிர் பிஸ்டன் முறையை ஜெர்மனியின் யுங்கர்ஸ் நிறுவனம் முன்பே விமான எஞ்சின்களில் கையாண்டிருந்தது. அதில் ஒவ்வொரு சிலிண்டர் வரிசைக்கும் இரண்டு கிராங்க் தண்டுகள் வேண்டும். மூன்று வரிசைக்கு ஆறு. நேப்பியரோ மூன்று வரிசைகளையும் முக்கோணமாக அடுக்கி, முனைக்கு ஒன்றாக மூன்றே தண்டுகளில் முடித்தது. மொத்தம் 18 சிலிண்டர்கள், 36 பிஸ்டன்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. புகைத் துளை முந்தித் திறக்க, அந்தப் பக்கத்துப் பிஸ்டன் சற்று முன்னால் ஓட வேண்டும். மூன்று தண்டுகளும் ஒரே திசையில் சுழன்றால் எல்லா வரிசைகளிலும் இந்தக் கணக்கு ஒத்துவராது. ஒரு தண்டை மட்டும் எதிர்த்திசையில் சுழலவிடும் யோசனையைச் சொன்னவர், கடற்படைப் பொறியியல் ஆய்வகத்தின் வரைவாளர் ஹெர்பர்ட் பென்வார்டன்.

படகுகளுக்கும் கண்ணிவாரிக் கப்பல்களுக்கும் பிறகு, டெல்டிக் தண்டவாளம் ஏறியது. 1955-இல் சோதனை ரயில் எஞ்சின். 1961-62-இல் லண்டன்–எடின்பரோ தடத்துக்கு 22 ரயில் எஞ்சின்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு டெல்டிக்குகள், மொத்தம் 3,300 குதிரைத்திறன், மணிக்கு 160 கி.மீ. வேகம். இந்த 22-உம் சேர்ந்து 55 நீராவி எஞ்சின்களின் வேலையைப் பார்த்தன.

பராமரிப்புதான் செலவு வைத்தது. பெரிய பழுது என்றால் டெல்டிக்கைக் கழற்றி, வேறொன்றைப் பொருத்திவிட்டுப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். 1982 தொடக்கத்தில் இவை ஓய்வுபெற்றன. அந்த விரைவுத் தடத்தில் இவற்றின் இடத்துக்கு வந்த ரயில்களில் இருந்தது, சிலிண்டருக்கு ஒரு பிஸ்டன் கொண்ட வழக்கமான டீசல் எஞ்சின்தான். எடையே முதல் கவலையாக இருக்கும் படகுக்கு டெல்டிக்கின் சிக்கல் தகும். தண்டவாளத்தில் எளிய எஞ்சினே வென்றது.