அமெரிக்க உதவியும் நம் காணிக்கையும்



"அமெரிக்கா உதவியை நிறுத்திவிட்டதாமே, இனி நம் மருத்துவமனை எப்படி நடக்கும்?" 2025-ம் ஆண்டிலிருந்து எந்தச் சபைக்குப் போனாலும் இந்தக் கேள்வி வருகிறது. கவலையோடு கேட்கிறவர்களும் உண்டு. "மிஷன் ஆஸ்பத்திரி என்றாலே டாலர்தானே" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறவர்களும் உண்டு. நம் மருத்துவமனை அமெரிக்க அரசின் பணத்தில் நடக்கவில்லை என்பதே சுருக்கமான பதில். ஆனால் அந்த ஒரே நாட்டிலிருந்து நம் தேசத்துக்கு வந்த உதவி ஒரே மாதிரியாக வந்ததில்லை. அதைச் சற்று விவரமாகச் சொன்னால் எது நின்றது, எது நிற்கவில்லை என்பது விளங்கும்.

1951-ல் உணவுப் பஞ்சத்தின்போது அமெரிக்கா 19 கோடி டாலர் கொடுத்தது. 20 லட்சம் டன் தானியம் வாங்கக் கொடுத்த அந்தத் தொகை கடன், தானம் அல்ல. பிறகு 1956-ல் பி.எல். 480 என்ற சட்டத்தின்கீழ் முதல் ஒப்பந்தம் ஏற்பட்டது. பெரியவர்கள் பலர் இந்தக் கோதுமை இலவசமாக வந்தது என்றே இன்றும் நினைக்கிறார்கள். அதுவும் இலவசமல்ல. நம் அரசு அதற்கு ரூபாயில் விலை கொடுத்தது. டாலர் கையில் இல்லாத நாட்டுக்கு அது பெரிய சலுகைதான். அந்த ரூபாய் அமெரிக்காவின் கணக்கில் இந்தியாவிலேயே குவிந்தது. குவிந்ததை என்ன செய்வதென்று தெரியாமல், 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி நம் அரசிடம் திருப்பிக் கொடுத்தார்.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு இருந்தது. அதன்படி வந்த உணவு உண்மையான அன்பளிப்பு. 'கேர்', கத்தோலிக்க நிவாரண சேவை, சர்ச் வேர்ல்டு சர்வீஸ், லுத்தரன் உலக நிவாரணம் போன்ற ஸ்தாபனங்கள் வழியாக அது பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வந்தது. பால் பவுடர், மாவு, எண்ணெய் ஆகியவற்றை அமெரிக்கா கொடுக்க, சுங்க வரியை விலக்கி, துறைமுகத்திலிருந்து ஊர்வரை கொண்டு சேர்க்கும் செலவை நம் அரசு ஏற்றது. நம் மாவட்டத்து விருதுநகரில் பிறந்த காமராஜர் 1956-ல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு 1961-லிருந்து 'கேர்' உதவியது. திட்டம் நம்முடையது, உதவி பின்னால் வந்து சேர்ந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இந்த உதவிக்குள் ஒரு முள்ளும் இருந்தது. 1965, 66-ல் மழை பொய்த்தபோது ஜனாதிபதி ஜான்சன் கோதுமைக் கப்பல்களை மாதக் கணக்கில் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். நம் விவசாயக் கொள்கையை மாற்ற வேண்டும் என்பது ஒரு நோக்கம். வியட்நாம் போரைப் பற்றி நம் தலைவர்கள் பேசியது அவருக்குப் பிடிக்காதது இன்னொன்று. அந்த 1966-ல் சுமார் 80 லட்சம் டன் வந்தது. அன்றைய 50 கோடி ஜனத்துக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 16 கிலோ. அது இல்லாவிட்டால் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது என்பதையும் நன்றியோடு நினைக்க வேண்டும். 1971-ல் வங்கதேசப் போர் மூண்டபோதோ அமெரிக்கா பொருளாதார உதவியை நிறுத்தியது. 1978-ல்தான் மீண்டும் தொடங்கியது.

பின்னர் வந்தது வேறு மாதிரி உதவி. 1986-ல் சென்னையில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது. 1995-ல் யு.எஸ்.எய்ட் நிதியோடு, சென்னை வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் மூலம் 'அபாக்' என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் ஆரம்பமாயிற்று. இதில் கோதுமை மூட்டையோ கட்டடமோ இல்லை. லாரி ஓட்டுநர்களிடமும், யாரும் பேசத் தயங்கிய பெண்களிடமும் போய்ப் பேசுகிற ஆட்களுக்கான பணம் அது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகக் கொல்லத்துக்குப் போகும் சாலையில் இரவெல்லாம் லாரி ஓடுவதைப் பார்க்கிற நமக்கு அதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. தொகையில் கோதுமைக்கு முன்னால் அது கடுகு. ஆனாலும் எங்கள் கணிப்பில், அமெரிக்க உதவிகளில் இதுவே அதிக உயிர்களுக்கு அருகில் வந்து நின்றது.

இப்போது நின்றதைப் பார்ப்போம். 2025 ஜனவரி 20-ல் ஜனாதிபதி டிரம்ப் அயல்நாட்டு உதவியை நிறுத்தி வைத்தார். ஜூலை 1-ல் யு.எஸ்.எய்ட் தனி நிறுவனமாக இயங்குவது முடிந்தது. நம் நிதி அமைச்சகக் கணக்குப்படி 2023-24-ல் இந்தியாவில் அதன் 7 திட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டது ஏறக்குறைய 825 கோடி ரூபாய். 140 கோடி ஜனத்துக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 6 ரூபாய்க்குள்தான். அன்று 16 கிலோ கோதுமை, இன்று ஒரு தேநீர்கூடக் கிடைக்காத காசு.

ஆகவே பயப்படத் தேவையில்லை என்று சொல்லிவிடலாமா? தேசத்துக்கு அது சிறிது. ஆனால் ஹைதராபாத்தில் திருநங்கையருக்கென நடந்த ஒரு கிளினிக்குக்கு அதுவே முழுப் பணம். 2025 ஜனவரியிலேயே அதன் கதவு மூடப்பட்டது. ஆப்பிரிக்காவில் எத்தனையோ சபை மருத்துவமனைகள் எச்.ஐ.வி. சிகிச்சையை அந்த உதவியை நம்பியே நடத்தி வந்தன. நம் ஊரில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் 2004-ல் தொடங்கிய இலவச மாத்திரை மத்திய அரசின் சொந்த நிதியில் வருகிறது. அது தொடர்கிறது. சந்தேகப்படும் நோயாளிகளிடம் இதை நீங்களும் சொல்லுங்கள். பயத்தில் மாத்திரையை விட்டுவிடக் கூடாது.

இனி நம் விஷயம். வெளிநாட்டுச் சபைகளிலும் குடும்பங்களிலும் இருந்து ஒரு மருத்துவமனைக்கு வரும் காணிக்கை அரசுக்கு அரசு தரும் உதவியல்ல. அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பின் அப்பணம் புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் பிரதான கிளையில்தான் வந்து சேர வேண்டும். அதில் 100-க்கு 20 ரூபாய்க்கு மேல் நிர்வாகத்துக்குச் செலவிடக் கூடாது. ஒரு ஸ்தாபனம் வாங்கியதை இன்னொன்றுக்குக் கொடுக்கவும் கூடாது. வாஷிங்டனில் கையெழுத்திடுவதால் இந்தக் காணிக்கை நிற்காது. கொடுக்கிற சபை மெலிந்தால்தான் நிற்கும்.

முற்காலத்தில் அமெரிக்கச் சபைகளின் தாய்மார் பழைய படுக்கை விரிப்புகளைக் கிழித்து, கட்டுத்துணியாகச் சுருட்டி இந்திய மிஷன் மருத்துவமனைகளுக்குப் பார்சல் அனுப்புவார்கள். அது எந்த அரசின் உதவிக் கணக்கிலும் ஏறியதில்லை. இன்று ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகள் ஓடி, பேண்டேஜ் துணி வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகிறது. நம் டிரஸ்ஸிங் அறைக்கும் அந்தத் துணியைத்தான் வாங்குகிறோம். அதற்கான பணம் உங்கள் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையிலிருந்து வருகிறது.