பறைக்குழுவில் புதுக்கை

சாவு வீட்டு வாத்தியம் என்று ஒதுக்கப்பட்ட பறை இன்று மேடையேறிவிட்டது. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் கலைவிழா அதை நகரத்துப் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தது; 2025இல் மதுரை மாவட்டத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். தாம்பரத்திலும் அதையொட்டிய புறநகர்களிலும் பறை பழக வருகிறவர்களில் கணினி வேலைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் உண்டு. இவர்கள் பரம்பரைக் கலைஞர்களோடு ஒரே வட்டத்தில் நின்று அடிக்கும்போது உரசல் வரும். மூத்தவர்களின் கர்வம்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. என் கணிப்பில், பெரும்பாலும் அது காது சம்பந்தப்பட்ட விவகாரம்.

புதுக்கை தவறுவது அடியில் அல்ல, ஓட்டத்தில். அடி மனப்பாடமான தெம்பில் கை முந்தும்; ஒருவர் முந்தினால் வட்டமே இழுபடும். அடி மாற்ற, வட்டத்தை நடத்தும் முன்னடிக்காரர் தரும் சைகை அந்த வேகத்தில் யாருக்கும் எட்டாது. வாத்தியமும் சேர்ந்து சிக்கலாக்குகிறது. தோல் பறையை நெருப்பில் காய்ச்சினால்தான் விறைக்கும். கார்த்திகை ஈரத்தில் சீக்கிரமே தொய்ந்துவிடும். புதியவர் வாங்கிவரும் ஃபைபர் பறைக்கு அந்தப் பாடு கிடையாது. அதைப் பலங்கொண்ட மட்டும் அடித்தால், பக்கத்தில் ஆண்டுக்கணக்காக அடித்தவரின் தோல் பறை அடிபட்டும் கேட்காது. ‘அடக்கி அடி தம்பி’ என்று அவர் சொல்வது அதிகாரமாகப் படலாம். ஆனால் அவர் கேட்பது தன் பறையின் சத்தத்துக்குக் கொஞ்சம் இடம்.

‘பறை எல்லோருக்கும் பொது என்கிறீர்கள், பிறகு மூத்தவர் சொல்லுக்கு ஏன் கட்டுப்பட வேண்டும்?’ என்ற கேள்வி நியாயமானதுதான். மரபு என்ற பெயரில் பெண்களைத் தள்ளி வைத்த கலை இது. அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தால் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் பறையைத் தொட்டிருக்கவே முடியாது. ஆகவே வட்டத்துக்குள் யார் வரலாம் என்பதில் மூத்தவருக்கு அதிகாரம் தர நான் தயாரில்லை. வந்தபின் தாளத்தை யார் பிடிப்பது என்பது வேறு பேச்சு. அதில் கைப்பழக்கம் உள்ளவர்தான் முன்னால் நிற்க வேண்டும். இழிவு சுமந்த காலத்திலும் பறையைக் கீழே போடாதவர்கள் அவர்கள். (அந்தக் காலத்தில் பயிற்சிப் பட்டறையும் இல்லை, கைதட்டலும் இல்லை.) வேறொரு உரசலும் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: கூலி. மாதச் சம்பளக்காரருக்குக் கல்யாண ஊர்வலத்தில் காசு வாங்காமல் அடிப்பது பெருமை. அதே ஊர்வலத்தை நம்பிப் பிழைப்பவருக்கு அது அன்றைய வருமானம் போவது. அடியில் எவ்வளவு பணிவு காட்டினாலும், இலவசமாக ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிக்கு அவரையும் இலவசமாகக் கூப்பிட்டால் அவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.