முதியோர் பணத்துக்கும் வேண்டும் பஞ்சப்படி

சங்ககிரி என்றால் லாரி. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் போனால் விசைத்தறி. திருச்செங்கோடு என்றால் போர்வெல் வண்டி. எல்லாமே உடம்பை நம்பிய பிழைப்பு. இரவெல்லாம் ஸ்டியரிங் பிடித்தவருக்கும் தறி முன்னால் நின்றே முப்பது வருஷம் கழித்தவருக்கும் உடம்பு ஓய்ந்தபின் பெரும்பாலும் பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. பிள்ளைகளின் ஆதரவும் இல்லாமல் போனால், ஊரார் ஓ.ஏ.பி. பணம் என்று சொல்லும் முதியோர் உதவித்தொகை ஒன்றுதான் மிச்சம். 1962-இல் மாதம் 20 ரூபாயில் தமிழ்நாடு இதைத் தொடங்கியது. தேசிய அளவில் இப்படி ஒரு திட்டம் வர 1995 ஆயிற்று. இது நாம் பெருமைப்பட வேண்டிய வரலாறுதான். ஆனால் அந்தத் தொகையை எப்போது, எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு இத்தனை வருஷத்தில் ஒரு விதியை நாம் வகுக்கவில்லை. தேர்தலும் அறிவிப்பும்தான் அதை முடிவு செய்கின்றன.

2011-இல் 500 ரூபாய் ஒரே தாவலில் 1,000 ஆனது. அடுத்த உயர்வு வந்தது 2023 ஆகஸ்டில்: 1,200 ரூபாய். இடைப்பட்ட பன்னிரண்டு வருஷமும் விலைவாசி சும்மா இருக்கவில்லை. நுகர்வோர் விலைக் குறியீடு 2012-இல் 100 என்றால் 2023 ஆகஸ்டில் 186. அதாவது, அன்று ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியதை வாங்க 1,860 ரூபாய் வேண்டும். கையில் வந்த 1,200-ஐப் பழைய மதிப்பில் பார்த்தால் 645 ரூபாய்தான் தேறும். தொகை கூடியது, அதை வைத்து வாங்கக்கூடியது குறைந்தது. பாலை எடுத்துக்கொள்வோம். 2011 நவம்பரில் ஆவின் பால் லிட்டர் 24 ரூபாய் ஆனபோது, தினம் அரை லிட்டருக்கு மாதம் 360 ரூபாய். ஆயிரத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும். 2023-இல் நீலப் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய், மாதத்துக்கு 600. உதவித்தொகையில் சரிபாதி பாலுக்கே போய்விட்டது. அந்த ஆகஸ்டில், மாதக் கடைசியில் 200 ரூபாய் குறைக்கப்படும் வரை, சென்னையில் ஒரு கேஸ் சிலிண்டர் 1,118 ரூபாய் விற்றது.

மில் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சப்படி என்ற சொல் தெரியும், விலைவாசிக்கு ஏற்ப ஏறும் படி அது. அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் வருஷத்துக்கு இரண்டு முறை, விலைக் குறியீட்டைப் பார்த்து அகவிலைப்படி கூடுகிறது. அது நியாயம், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அதே நியாயம் தாலுகா ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே மனுவோடு நிற்கும் பாட்டிக்கு ஏன் இல்லை என்பதே என் கேள்வி. அரிசியும் பருப்பும் ஆளைப் பார்த்தா விலை ஏறுகின்றன? நடக்காத காரியத்தை நான் கேட்கவில்லை. பிரிட்டனில் விலைவாசி, சராசரி ஊதியம், இரண்டரை சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் கூடுகிறது. இந்தியாவிலேயே ராஜஸ்தான் 2023-இல் சட்டம் இயற்றி, குறைந்தபட்ச ஓய்வூதியம் ஆண்டுக்கு 15 சதவீதம் தானாக உயரும் என்று எழுதிவைத்தது. டெல்லியின் கணக்குதான் வேதனையானது. எண்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு 2006-இல் 200 ரூபாய் ஆனது. அதன்பின் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆந்திரா 2024 ஜூலை முதல் 4,000 தருகிறது என்பதைக் காட்டி, நாமும் உடனே கொடுத்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். கேரளம் 1,600 தந்த காலத்தில் பல மாதப் பாக்கி விழுந்து முதியவர்கள் தவித்ததையும் பார்த்தோம். பெரிய தொகையை அறிவித்துவிட்டு மாதக்கணக்கில் காக்கவைப்பது கொடுமை. அதனால்தான் சின்ன உயர்வு, வருஷம் தவறாத உயர்வு என்கிறேன். 1,200-க்கு ஐந்து சதவீதம் என்றால் 60 ரூபாய். முப்பது லட்சம் பேருக்குக் கொடுத்தால் ஆண்டுக்கு 216 கோடி. மூன்று லட்சம் கோடியை ஒட்டி வருவாய் உள்ள மாநிலத்துக்கு இது தாங்கக்கூடிய சுமை. பட்ஜெட் போடும்போதே தெரிந்த செலவு என்பதால் திடீர் அதிர்ச்சியும் இருக்காது.

ரேஷனில்தான் அரிசி இலவசமாகக் கிடைக்கிறதே என்பது இன்னொரு வாதம். கிடைக்கிறது, அது இல்லாவிட்டால் பல வீடுகளில் அடுப்பே எரியாது. ஆனால் சோறு மட்டும் சாப்பாடு ஆகுமா? குழம்புக்குப் புளி, மிளகாய், வெங்காயம் வேண்டும். சுகர் பார்க்க ஆஸ்பத்திரி போய்வர பஸ்ஸோ ஆட்டோவோ வேண்டும். வீட்டு வாடகை இருக்கிறது. பிள்ளைகள் பார்க்கட்டும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோரைக் காப்பது பிள்ளைகளின் கடமை என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தறிக்காரர் மகன் தறிக்கும் கிளீனர் மகன் லாரிக்கும் போயிருக்கும் வீட்டில், அந்தச் சட்டம் எதைப் பிடுங்கித் தரும்? அதோடு, இந்தப் பணம் கேட்டவுடன் கிடைப்பதும் அல்ல. வி.ஏ.ஓ. விசாரித்து, ஆர்.ஐ. விசாரித்து, இவருக்கு வேறு ஆதரவு இல்லை என்று எழுதிய பிறகே தாசில்தார் கையெழுத்துப் போடுகிறார். ஆதரவு இல்லை என்று அரசே எழுதிக்கொடுத்த ஒருவரிடம், விலை ஏறியபோது மட்டும் மகனிடம் போய்க் கேள் என்று எப்படிச் சொல்வது?