நீலத்திரை வந்தால் பார்மட்டுக்கு ஓடாதீர்கள்

தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டக் குடியிருப்புகளில் பல வீடுகளுக்கு மடிக்கணினி வந்து சேர்ந்தது நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில்தான். 2020 மார்ச் 18 அன்று கொரோனாவால் நாடு அடைபட்டது, பள்ளிப் பாடம் வீட்டுக்கு வந்தது. கோலாலம்பூரில் வேலை செய்யும் மாமா கொடுத்த பழசு, தவணையில் எடுத்தது, யாரோ நன்கொடையாகத் தந்தது என்று எப்படியோ ஒன்று வந்தது. பெரும்பாலும் அதே கணினிதான் இன்னும் ஓடுகிறது. படிவம் ஆறு படிக்கும் பிள்ளையின் குறிப்புகள், பல்கலைக்கழக மனுவுக்கான சான்றிதழ்கள், திருவிழாப் படங்கள், இறந்துபோன தாத்தாவின் காணொளி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. வேறு நகல் கிடையாது.

அந்தக் கணினி ஒருநாள் நீலமாகிறது. சோக முகம், நாலு வரி ஆங்கிலம், ஏறிக்கொண்டே போகும் விழுக்காடு. தானாக அணைந்து திரும்ப வருகிறது. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டைப் போட்டுப் பத்து நிமிடம் ஆனதும் மறுபடி நீலம். மூன்றாவது முறை ஆனதும் அம்மா அதைப் பையில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போகிறார். நான் பக்கத்தில் நின்று கேட்ட பேச்சு இது:

“விண்டோஸ் போச்சு அக்கா. பார்மட் பண்ணணும்.”

“உள்ள இருக்கற படம்லாம் இருக்குமா தம்பி?”

“பார்மட் போட்டா எல்லாம் போயிரும்க்கா.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, போட்டுருப்பா. புள்ளைக்கு நாளைக்கு வேணும்” என்றார்.

இந்த ‘சரி’ தேவையே இல்லாதது. இணையத்தைத் தொட்டால் மட்டும் கணினி விழுகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் ஒரே ஒரு சிறிய நிரலில், அதாவது வைஃபை அட்டையை இயக்கும் டிரைவரில் இருக்கும். அதை மாற்றினால் போதும். தாத்தாவின் காணொளியைத் தொட வேண்டியதில்லை.

ஒரு சாதாரண டிரைவருக்கு முழுக் கணினியையும் சாய்க்கும் பலம் எப்படி வந்தது? நாம் திறக்கும் வேர்டோ உலாவியோ செத்தால் அது மட்டும்தான் சாகும். டிரைவர் ஓடும் இடம் வேறு. கெர்னல் என்கிற உள்மனையில், விண்டோஸின் இதயத்தோடு ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு அது ஓடுகிறது. தரவு வரும்போதெல்லாம் வைஃபை அட்டை மையச் செயலியை இடைமறித்து, ‘வந்துவிட்டது, எடு’ என்கிறது. அந்த நேரத்தில் டிரைவர் உயர்ந்த முன்னுரிமையில் வேலை செய்கிறது. அந்த நிலையில் வட்டிலிருந்து எதையும் வரவழைத்துக் காத்திருக்க அதற்கு அனுமதி இல்லை. டிரைவரை எழுதியவர் செய்த பிழையால் அது நினைவகத்தில் இல்லாத இடத்தைத் தொட்டுவிட்டால், விண்டோஸால் அதைச் சரிசெய்ய முடியாது. மேலும் ஓடவிட்டால் கோப்புகள் கெட்டுப்போகலாம். அதனால் தானே நின்றுவிடுகிறது. திரையில் ‘டிரைவர் ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்குவல்’ என்று வருவதன் பொருள் இவ்வளவுதான். உங்கள் கோப்புகளைக் காப்பதற்காகக் கணினி எடுத்த முடிவு அது.

நம் பக்கத்தில் இது அடிக்கடி தலைகாட்டுவதற்குக் காரணம் உண்டு. செம்பனைக்கு நடுவே லைன் சீராக இருப்பதில்லை. வைஃபையும் ஹாட்ஸ்பாட்டும் அறுந்து அறுந்து ஒட்டுகின்றன. டிரைவரில் ஒளிந்திருக்கும் பிழைகள் பல, இப்படி அறுந்து மீண்டும் இணையும் தருணத்தில்தான் வெளிப்படும். நல்ல லைன் உள்ள வீட்டில் வருடக்கணக்கில் விழாத கணினி, இங்கே வந்து வாரம் இருமுறை விழலாம். போதாததற்கு, உள்ளே இருக்கும் வைஃபை வேகம் போதவில்லை என்று வாங்கிச் செருகும் மலிவு விலை யூஎஸ்பி டாங்கிள் வேறு. அதோடு வரும் டிரைவர் எந்த ஆண்டில் எழுதப்பட்டதோ தெரியாது.

டிரைவர் கோளாறு என்ன செய்யும் என்பதை உலகமே ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பார்த்தது. 2024 ஜூலை 19, மலேசிய நேரம் 12 மணி 9 நிமிடம். கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அதைப் படித்த அதன் கெர்னல் டிரைவர், தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்துவிட்டன என்று மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. கேஎல்ஐஏ இரண்டாம் முனையத்தில் ஏர்ஏசியா பயணிகளைக் கையால் பதிவுசெய்தார்கள். கேடிஎம் ரயில் டிக்கெட் முறையும் பாதிக்கப்பட்டது. மலேசியாவில் ஐந்து அரசு அமைப்புகளும் ஒன்பது நிறுவனங்களும் பாதிக்கப்பட்டவற்றில் அடங்கும் என்று இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ அறிவித்தார். இந்தியாவில் இண்டிகோ ஊழியர்கள் விமான ஏற்ற அட்டையைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

அது வைஃபை டிரைவர் அல்ல, பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர். ஆனால் நம் கடைக்காரத் தம்பிகள் கவனிக்க வேண்டியது தீர்வைத்தான். கணினியைச் சேஃப் மோடில் திறந்து, குறிப்பிட்ட பெயரோடு தொடங்கும் ஒரு கோப்பை மட்டும் அழித்து, மறுபடி தொடக்கச் சொன்னார்கள். விமான நிலையங்களுக்கும் வங்கிகளுக்கும் அது போதுமானதாக இருந்தது. நம் வீட்டுப் பிள்ளையின் கணினிக்கு மட்டும் எடுத்த எடுப்பில் ஏன் பார்மட்?

சரி, வீட்டில் என்ன செய்வது? நீலம் வந்தவுடன் கைப்பேசியில் படம் எடுங்கள். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் அது 2025 முதல் கறுப்புத் திரையாகிவிட்டது, சோக முகமும் இல்லை. பிழையின் பெயரும், சில நேரம் ‘வாட் ஃபெயில்ட்’ என்ற வரியில் ஒரு கோப்பின் பெயரும் இருக்கும். அந்தப் பெயர்தான் நமக்கு வேண்டியது. ‘நெட்டபிள்யூ’ என்று தொடங்கினால் இன்டெல் வைஃபை. ‘ஆர்டி’ என்று தொடங்கினால் பெரும்பாலும் தைவானின் ரியல்டெக். மலிவு விலை மடிக்கணினிகளிலும் டாங்கிள்களிலும் அதிகம் இருப்பது அதுதான், சிப்பின் மேல் நண்டுச் சின்னம் அச்சாகியிருக்கும். ‘என்டிஸ்’ அல்லது ‘டிசிபிஐபி’ என்று வந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அவை இரண்டும் மைக்ரோசாப்டின் சொந்தக் கோப்புகள், எல்லா இணையப் போக்குவரத்தும் அவற்றின் வழியாகத்தான் போகிறது. விபத்து நடந்த முச்சந்தியின் பெயரைத்தான் திரை சொல்கிறது, மோதிய வண்டியின் எண்ணை அல்ல. வைஃபை டிரைவரோ, இலவச விபிஎன்னோ, ஆன்டிவைரஸோ உண்மையான காரணமாக இருக்கலாம்.

திரை வேகமாக மறைந்துவிட்டதா? ஒவ்வொரு விழுதலின்போதும் விண்டோஸ் கோப்புறைக்குள் ‘மினிடம்ப்’ என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரு சிறு பதிவு விழும். நிர்சாஃப்ட் வெளியிடும் ‘புளூஸ்கிரீன்வியூ’ என்ற இலவசச் செயலியில் அதைத் திறந்தால், சந்தேகத்துக்குரிய டிரைவரின் பெயரைக் காட்டும். பார்மட் போட்டால் முதலில் அழிவது இந்தத் தடயம்தான். கடைக்குப் போகிறவர்கள், ‘மினிடம்ப் பார்த்தீங்களா தம்பி?’ என்று தயங்காமல் கேளுங்கள். உங்கள் பணம், உங்கள் படம்.

அடுத்தது சேஃப் மோட். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்கான வழி திறக்கும். அதற்கு முன் ஒன்று: சில கணினிகளில் பிட்லாக்கர் பூட்டு இருக்கும், 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், கைப்பேசியிலேயே எடுத்து எழுதிவைத்துக்கொள்ளலாம். இணையம் இல்லாத சேஃப் மோடில் வைஃபை டிரைவர் ஏறாது. அதில் கணினி மணிக்கணக்கில் விழாமல் நின்றால், சந்தேகம் டிரைவர்கள் பக்கம் வலுக்கிறது. அங்கேயே, வேறு எதையும் செய்வதற்கு முன், படங்களையும் குறிப்புகளையும் பென் டிரைவில் நகலெடுத்துவிடுங்கள்.

பிறகு டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர் பகுதி. தொல்லை அண்மையில் வந்த அப்டேட்டுக்குப் பிறகுதான் என்றால் ‘ரோல் பேக் டிரைவர்’ போதும். அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தால் பழைய டிரைவரை நீக்கிவிட்டுப் புதியதைப் போட வேண்டும். கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். ‘எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்’ என்று விளம்பரம் செய்யும் செயலிகள் பக்கம் போகவே போகாதீர்கள், பொருந்தாத டிரைவரை ஏற்றி இருப்பதையும் அவை கெடுத்துவிடலாம். இணையம் கெட்ட கணினிக்கு இணையத்திலிருந்து எப்படி எடுப்பது? கைப்பேசியில் பதிவிறக்கி கேபிள் வழியாக மாற்றலாம். அல்லது வைஃபையை முடக்கிவிட்டு, கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடலாம். அது வேறு டிரைவரில் ஓடுவதால் பல நேரம் தாக்குப்பிடிக்கும். டாங்கிளைக் கழற்றிவிட்டு ஒருநாள் ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை.

மூடிவைத்துத் திறக்கும்போது மட்டும் விழுகிறதா? அதே அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற வரியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். தூக்கத்திலிருந்து எழும்ப மறுக்கும் வைஃபை அட்டைகள் பல இதோடு அடங்கிவிடும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. நம் வீடுகளில் இருக்கும் பல பழைய கணினிகள் விண்டோஸ் 11-க்கு ஏறும் தகுதி இல்லாதவை. அவற்றுக்குப் புதிய டிரைவர் இனிப் பெரும்பாலும் வராது. நன்றாக ஓடும் டிரைவர் கிடைத்ததும் அதன் கோப்பைப் பென் டிரைவில் பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.

டிரைவரில் முடியாத கோளாறும் உண்டு. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயர் வந்தால், சேஃப் மோடிலும் விழுந்தால், ரேம் கெட்டிருக்கலாம். விண்டோஸிலேயே இருக்கும் நினைவகச் சோதனையை இரவில் ஓடவிடுங்கள். இடி மின்னலில் ரூட்டரோடு வயர் போட்டிருந்த கணினி என்றால், நெட்வொர்க் போர்ட்டே அடிபட்டிருக்கலாம். அதை பயாஸில் முடக்கிவிட்டு வைஃபையில் ஓட்டலாம். எதற்கும் அசையவில்லை என்றால்தான் பார்மட். அப்போதும் வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, உள்ளே இருப்பதை வெளியே எடுத்துக் காட்டிய பிறகே போடச் சொல்லுங்கள். பிட்லாக்கர் எண்ணைக் கையோடு கொண்டுபோங்கள், அது இல்லாமல் கழற்றிய வட்டும் திறக்காது.